பாம்புச்செவிக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

மார்ச் 4

மச்சான் அவர்களுக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச அல்ல. ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க. அந்த விஷயத்தில் உங்களை விட்டால் எனக்கு நம்பிக்கையான ஆள் வேறு கிடையாது என்பது என் தலையெழுத்து.

போன் செய்திருக்கலாம். பேசினால் பழைய கதை கிளம்பும், இரண்டு பேரும் வார்த்தையை விடுவோம். உங்கள் தங்கைதான் “எழுதிடுங்களேன், அண்ணன் நிதானமாப் படிக்கும்” என்றாள்.

ஸ்டுடியோவிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று, முதலாளி கை குலுக்கிவிட்டு, சின்ன அறையில் சும்மா கிடந்த இரண்டு சப்வூஃபர்களை வண்டியில் ஏற்றிவிட்டார். இருபத்தாறு வருடம் படங்களுக்கு ஒலிக்கலவை செய்தவனுக்குக் கிடைத்த பிரிவுப் பரிசு. பத்து இன்ச், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. இடியும் இன்ஜின் உறுமலும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வீட்டில் என்ன செய்வான்? உங்கள் தங்கை இரண்டின் மேலும் பூந்தொட்டி வைத்திருக்கிறாள்.

இப்போது வீட்டிலேயே சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்யலாம் என்று இருக்கிறேன். பன்னிரண்டுக்குப் பத்து அறை. என் பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அறுபது வாட். அதனால் எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தைத்த பெட்டிகள் வேண்டாம். பாஸிவ் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அலமாரியில் அடங்குகிற அளவு, ஒரு ஜோடி. அழகாகப் பாட வேண்டாம். உண்மையைச் சொன்னால் போதும்.

உண்மை சொல்வதில் நீங்கள் கெட்டிக்காரர். முதலாளியிடம் என் காதைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் கடையில் நின்ற வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். போகட்டும்.

ஸ்பீக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மற்றதற்கு எனக்குத் தைரியம் வர நேரம் ஆகும்.

நாலு இன்ச் கூம்பு வைத்த குட்டிப் பெட்டிகள் உங்களுக்கு ஆகாது. அவை நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சு வாங்கும். அப்புறம் சப்வூஃபரை இன்னும் மேல்சுருதி வரை பாட வைக்க வேண்டியிருக்கும். ஆம்பளைக் குரலில் பாதி மூலையிலிருக்கும் பெட்டியிலிருந்து பேசும், பாதி முன்னாலிருந்து பேசும். ஆறரை இன்ச் எடுங்கள். அதிலும் பின்னால் துளை வைத்த பெட்டி வேண்டாம். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபையரில் கீழ்ச் சத்தத்தை வெட்டிவிடும் வசதி கிடையாது. நாலு பக்கமும் மூடிய பெட்டி என்றால், தானே எண்பது வாக்கில் மெல்ல இறங்கிக் கொடுக்கும். அந்த இடத்தில் சப்வூஃபர் கை நீட்டி வாங்கிக்கொள்ளும். ஒட்டுப் போட்டது தெரியாது. எட்டு ஓம்ஸில் ஒரு ஜோடி கடையில் இருக்கிறது, நானே ஒரு வாரம் கேட்டது. வரும் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மேல்சத்தம் வருகிற குட்டிக் கூம்பு, அந்த ட்வீட்டர், காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டாண்டில் வையுங்கள். இதையெல்லாம் உங்களுக்கே சொல்கிறேன் பாருங்கள்.

இனி அது. தியேட்டர்காரர் என்னைக் கூப்பிட்டது ஸ்பீக்கர் பழுது பார்க்க. “ஜனங்க காதைப் பொத்திக்கிறாங்க, உன் ஸ்பீக்கர் கீச்சுனு கத்துது” என்றார். இரண்டு நாள் ஏணியில் ஏறி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. நீங்கள் ஒலி கலந்த படத்தில்தான் இருந்தது. உங்கள் முதலாளி நேரடியாகக் கேட்டார், “அவர் காதுல ஏதாவது கோளாறா?” என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது தப்புதான்.

தங்கச்சி எப்படி இருக்கிறாள்?

மச்சான்


மார்ச் 27

மச்சான் அவர்களுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. ஸ்டாண்ட் இல்லை, பழைய புத்தக அடுக்கு இரண்டை அறுத்துச் சரிசெய்தேன். பூந்தொட்டிகள் ஜன்னலுக்குப் போய்விட்டன.

கீழ்ப்பக்கம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, மறுக்க மாட்டேன். சப்வூஃபரை எழுபத்தைந்தில் நிறுத்தினேன், ஒன்றைச் சோபாவுக்குப் பக்கத்திலும் இன்னொன்றை எதிர் மூலையிலும். கார் கதவு சாத்துகிற சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். கதவு சாத்தியது ஒரே இடத்தில். நான்கு பெட்டிகள் இருப்பதே தெரியவில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

ஆனால் இரண்டு ட்வீட்டரும் செத்துக் கிடக்கின்றன. இடப்பக்கம் கொஞ்சம் மூச்சு இருக்கிறது, வலப்பக்கம் சுத்தமாக இல்லை. ஒரு பெண் பேசும் பதிவைப் போட்டேன். ச, ஸ ஒன்றும் வரவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எந்தக் காதால் கேட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாற்றி அனுப்புங்கள்.

உங்கள் தங்கை நலம். இப்போதெல்லாம் முணுமுணுத்துப் பேசுகிறாள். நேற்று “ஆவி எங்கே, ஆவி எங்கே” என்று வீடெல்லாம் தேடினாள். பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் தேடியது பீரோ சாவி. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

தங்கையின் கணவன்


ஏப்ரல் 5

மாப்பிள்ளைக்கு,

பெட்டிகள் வந்தன. மேசையில் வைத்து இணைத்தேன்.

இப்படி எழுதிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிவிட்டது.

நீங்கள் சொன்னது சரி. இரண்டு ட்வீட்டரும் கெட்டிருந்தன. லாரியில் வரும்போது அடிபட்டிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. மாற்றிவிட்டேன். இப்போது நன்றாகத் துலக்கமாக இருக்கிறது. ரொம்பவே துலக்கம். அதனால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக் கேளுங்கள். தங்கச்சி பக்கத்தில் இருந்தால் இன்னும் குறையுங்கள்.

சாவிக் கதையைப் படித்துச் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. கோபித்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்தொன்பது வயதில் எல்லோரும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிப் பார்த்துக்கொள்வதுதான். நானே போன மாதம் கண்ணுக்குப் போய் வந்தேன். நீங்களும் தங்கச்சியும் சேர்ந்து ஒரு நடை போய்விட்டு வந்தால் என் மனசு கொஞ்சம் அடங்கும். வேலையை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாமே.

மச்சான்


ஏப்ரல் 18

டேய் மச்சான்,

இனிமேல் ‘நீங்கள்’ போட்டு எழுத எனக்குப் பொறுமை இல்லை. நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் ஈயம் பற்றவைத்துப் பழகியவர்கள், உன் தங்கையை நான் பார்ப்பதற்கு முன்னாலிருந்தே.

வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது. காகிதம் கசங்குகிற சத்தம் வந்தது. ஒரு ஆள் பேசுவதற்கு முன்னால் நாக்கை உதட்டில் தொடுகிற சத்தம் வந்தது. மேசையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வெறும் காகிதத்தைக் கேட்டேன் என்றால் நம்புவாயா? ஸ்டுடியோவில் என்னைப் பாம்புச்செவி என்று கூப்பிடுவார்களே, அந்த ஆள் திரும்பி வந்துவிட்டான். கெட்டுப்போனது என் காது இல்லை, அந்த ஸ்டுடியோவின் ஸ்பீக்கர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அதை நீ முதலாளியிடம் சொல்ல வேண்டியதில்லை. நானே காட்டுகிறேன்.

வேலையும் கிடைத்துவிட்டது. கண்ணாடித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற ஒரு அம்மாள், நாற்பது நிமிடப் படம். உலைச் சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், நடுவில் அந்தப் பெண்களின் பேச்சு. “உங்க பேரைக் கேட்டுத்தான் வந்தேன் சார்” என்றார். அதை இரண்டு தடவை சொல்ல வைத்தேன், இன்பத்துக்காக.

உன் தங்கை சாயங்காலமெல்லாம் என்னோடு அந்த அறையில் உட்காருகிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வேலைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். கையில் ஏதாவது தையல் வைத்துக்கொண்டு, நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டுகிறாள். அவளுக்கு ஜலதோஷம், காதில் பஞ்சு வைத்திருக்கிறாள், ஆனாலும் வருகிறாள்.

ஒன்று கேட்கட்டுமா? மேல்சத்தத்தை இன்னும் ஒரு சிட்டிகை கூட்ட வழி உண்டா? அறையில் திரைச்சீலை அதிகம், அதுதான் குடிக்கிறது என்று நினைக்கிறேன்.

பாம்புச்செவி


மே 2

மாப்பிள்ளை,

டேய் என்று நீ கூப்பிட்ட கடிதத்தைக் கடையிலும் வீட்டிலும் வைத்துப் படித்தேன். பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இதற்கு மேல் கூட்ட முடியாது. வழி இருந்தாலும் வேண்டாம். திரைச்சீலையைக் கழற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போடு, அவ்வளவுதான்.

அந்தப் படத்தை நீ மட்டும் கேட்டு முடித்துக் கொடுத்துவிடாதே. நான் வருகிறேன். பதினெட்டாம் தேதி வரை ஒரு தியேட்டர் வேலை கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதற்கு மறுநாளே வண்டி ஏறிவிடுவேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து கேட்போம். முன்பெல்லாம் ஒருவர் செய்ததை இன்னொருவர் கேட்காமல் வெளியே விட்டிருக்கிறோமா? என்னைச் சந்தேகப்படாதே, உன் திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழக்கத்துக்காகச் சொல்கிறேன்.

அவசரப்படாதே. அந்த அம்மாளிடம் ஒரு மாதம் கேள்.

தங்கச்சிக்கு ஜலதோஷம் இன்னும் விடவில்லையா?

மச்சான்


மே 30

மச்சான்,

பத்தொன்பதாம் தேதி நீ வருவதற்கு முன்னால் கதவைப் பூட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வெளியூர் போய்விட்டோமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டாயாமே. போகவில்லை. உள்ளேதான் இருந்தேன். உன் தங்கை கதவுக்குப் போனாள், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நீ அரைமணி நேரம் வாசலில் நின்றதை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பழம் வாங்கி வந்திருந்தாய்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் படம் திரையிட்டார்கள். நீ சொன்ன கெடுவுக்கு நான் காத்திருக்கவில்லை, வேலை முடிந்துவிட்டது, கொடுத்துவிட்டேன். நூறு பேர் உட்காருகிற சின்ன அரங்கம். எனக்கு அங்கே எல்லாம் அழகாகக் கேட்டது. கண்ணாடி உடையும் காட்சியில் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா இரண்டு விரலையும் காதுக்குள் விட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து ஆள். பிறகு வரிசை வரிசையாக. திரையை விட்டுவிட்டு நான் ஜனங்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் படமெடுத்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். உன் தங்கை எனக்கு வீட்டில் வந்து சொன்னாள்: “வேற ஒருத்தர்கிட்ட குடுத்துச் சரிபண்ணிக்கிறாங்களாம். உங்களை ஒண்ணும் தப்பா நினைக்கலையாம்.”

அவளைக் கேட்டேன். “உனக்கு ஜலதோஷம் எப்ப வந்தது?” அழுதாள். பிறகு, நான் உதட்டைப் பார்க்கும்படி முகத்தை அருகில் கொண்டுவந்து, “வலிச்சுது” என்றாள். ஒன்றரை மாதம் பஞ்சை அடைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறாள், நான் சத்தம் கூட்டக் கூட்ட.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். ட்வீட்டர் மாற்றப்படவே இல்லை. தொழிற்சாலையில் ஒட்டிய அரக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் மேல்சத்தத்தை அடக்கி வைக்கிற ரெசிஸ்டர் இருக்கிறதே, அதன் தலைக்கு மேல் ஒரு செம்புக் கம்பியைப் பாலம் போட்டிருக்கிறாய், மேல்சத்தம் அடங்காமல் பாயட்டும் என்று. ஈயத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மணி மணியாக வைப்பது உன் கை.

ஊருக்கெல்லாம் உண்மையைச் சொன்னாய். எனக்கு ஒருவனுக்குத்தான் பொய்யா?


ஜூன் 9

மாப்பிள்ளை,

ஆமாம். கம்பி போட்டது நான்தான். நீ திருப்பி அனுப்பிய பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றைக் கேட்டுக்கொண்டே மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுத்துவிட்டேன். ட்வீட்டர் இரண்டும் கணகணவென்று பேசின. உனக்கு அது துளிகூடக் கேட்கவில்லை என்றால் எவ்வளவு போய்விட்டது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

‘பெட்டியில் குறையில்லை’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அதுதான் முறை. எழுத உட்கார்ந்தேன். போன தடவை ஒரு உண்மையைச் சொன்னேன், நீ வேலையை இழந்தாய், நான் உங்கள் இரண்டு பேரையும் இழந்தேன். பதினான்கு மாதம் தங்கச்சி குரலைக் கேட்கவில்லை. இன்னொரு தடவை என்னால் ஆகவில்லை. கம்பி கையில் இருந்தது. ஒரு நிமிட வேலை.

நான் பெட்டியில் கூட்டியது ஒரு கரண்டி, உன் காதில் போயிருப்பது ஒரு குடம் என்று எனக்குத் தெரியும். நீ வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பாய், கொஞ்ச நாள் சந்தோஷமாக இருப்பாய் என்று நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் வேலை எடுப்பாய் என்று நினைக்கவில்லை. நான் பொய் சொல்லியிருக்காவிட்டால் நீ எடுத்திருக்கவே மாட்டாய். தங்கச்சி காதில் பஞ்சு என்று படித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. டாக்டரிடம் போ. அதை மட்டும் செய். அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல். கூப்பிட்டால் அன்றைக்கே வருவேன். கூப்பிடாவிட்டாலும் வாசல் வரை வந்து நிற்பேன்.

மச்சான்


ஜூன் 28

மச்சான்,

போய்விட்டு வந்தோம்.

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. நாம் குரல் பதிவுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரியே, சுவரில் ஒட்டிய பஞ்சு கூட அதே பஞ்சு. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். முதலில் நாலைந்து தடவை அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். இயந்திரத்தில் ஏதோ தகராறு, சரிசெய்கிறார் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினார். “இனி ஆரம்பிக்கலாம்ல?” என்று கேட்டேன். அவர் உன் தங்கையைப் பார்த்தார். சோதனை முடிந்திருந்தது.

காகிதத்தில் ஒரு கோடு வரைந்து காட்டினார். படிக்கட்டில் ஆள் தவறி விழுகிற மாதிரி ஒரு கோடு. கீழ்ச்சத்தம் இருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை. இருக்கிற கீழ்ச்சத்தமும் ஒன்றிரண்டு வருடத்தில் இறங்கிவிடலாம் என்று எழுதியே கொடுத்தார். காதில் மாட்டுகிற கருவி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் பெரிதாகக் கேட்கிறது, எதுவும் வார்த்தையாக இல்லை. தட்டு முட்டுச் சாமான்களைச் சாக்கில் போட்டுக் குலுக்கின மாதிரி. பத்து நாள் போட்டேன், கழற்றி வைத்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. இல்லாமல் போனது பெருந்தன்மையால் இல்லை. அதை வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. ஏப்ரலில் அந்தக் காகிதம் கசங்கியது எனக்குக் கேட்டதே, அது கேட்டதா, கேட்டதாக நான் நம்பினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பாதி நம்பிக்கைதான். நீ கம்பி போடாமல், போட்டேன் என்று எழுதியிருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்கும் போல.

கம்பியை எடுத்துவிட்டேன். இப்போது அந்த அறை உன் தங்கையுடையது. அவளுக்கு எழுபத்தைந்தில் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று நான் கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், அவள் குறடு பிடித்த மாதிரி சப்வூஃபரின் குமிழைத் திருகுகிறாள். நல்ல ஸ்பீக்கர், மச்சான். நீ தேர்ந்தெடுத்தது தப்பே இல்லை. கேட்கிற ஆள்தான் மாறிவிட்டது.

நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. வந்தால் நீ பேசுவாய். நான் மூன்று தடவை “என்ன?” என்பேன், நாலாவது தடவை சும்மா தலையாட்டுவேன். நான் தலையாட்டுவதை நீ கண்டுகொள்வாய், கண்டுகொண்டும் பேசிக்கொண்டே இருப்பாய். உன் தங்கை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. காகிதத்தில் நான் இன்னும் முழு ஆளாக இருக்கிறேன். அவளுக்கு மட்டும் போன் செய். ஞாயிறு பதினொரு மணிக்கு நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

நேற்று மத்தியானம் வானொலியில் ஏதோ நாடகம் வைத்திருந்தாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, தையலைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “என்ன சொன்னான்?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. “என்ன?” என்றேன். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சிரிப்பு பாதிதான் இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் அங்கே அடுத்த பேச்சு போய்க்கொண்டிருந்தது போல, ஒரு காது அந்தப் பக்கம் சாய்ந்தது. என் முழங்காலில் தட்டிக் கொடுத்தாள்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் காது வேண்டியதில்லை, மச்சான். இப்போதெல்லாம் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.